அணில் மெஷின்

கல்வராயன் மலைமேல் மழைக் கறுப்பு கட்டிவிட்டால் நைனார்பாளையம் பக்கத்து ஜனங்களுக்கு அப்புறம் வேறு பேச்சு கிடையாது. ரெண்டு மணிக்குக் கட்டினால் அஞ்சு மணிக்குத் தலையில் கொட்டும். புரட்டாசியில் அந்தக் கணக்கு அநேகமாகத் தப்புவதில்லை. அன்றைக்குப் பகல் சோறு ஆறுவதற்குள்ளேயே கட்டிவிட்டது. கொளஞ்சியம்மாள் களத்து ஓரம் நின்று மலையை ஒரு தரமும், களத்தில் குவிந்து கிடந்த சோளக் கதிரை ஒரு தரமும் மாறி மாறிப் பார்த்தாள்.

ரெண்டரை ஏக்கர் மக்காச்சோளம். வைகாசிக் கடைசியில் விதைத்தது. படைப்புழுவோடு மல்லுக்கட்டி, காட்டுப்பன்றிக்குப் பயந்து வயலைச் சுற்றிப் பழைய புடவைகளை எல்லாம் கட்டி, கட்டப் புடவை போதாமல் நாத்தனார் வீட்டுப் புடவைகளையும் வாங்கி வந்து கட்டிக் காப்பாற்றிய வெள்ளாமை. மலையிலிருந்து வேலைக்கு இறங்கி வந்த காத்தானும் அவன் பெண்சாதி செங்கம்மாளும் கதிரை ஒடித்துக் களத்தில் சேர்த்து நாலு நாள் ஆகிவிட்டது. நாலு நாளாக மெஷின் "நாளைக்கு" வந்துகொண்டிருந்தது. இந்தக் குவியல் ஒருமுறை நனைந்தால் போதும், உள்ளே புழுங்கி, மூணாம் நாள் மணிமணியாக முளை விட்டுவிடும். அப்புறம் மாட்டுக்குக்கூட யோசித்துத்தான் போடவேண்டும்.

மட்டையோடு கதிரைப் போட்டால் மணியைத் தனியாக உதிர்த்துக் கொடுக்கிற மெஷின் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் நம்பிக்கையாக ஓடியது. அதன் முதலாளி ரிஷிவந்தியம் பக்கத்துக்காரர். பேர் பகலவன். அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. அணில் மெஷின்காரர் என்றால் கைக்குழந்தைகூட வழிகாட்டும்.

அந்தப் பேர் வந்ததற்குக் காரணம் அவருடைய கைகள். மனுஷன் வேலையில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. சும்மா நின்று எதையாவது உற்றுப் பார்க்க ஆரம்பித்தால், ரெண்டு கையும் முழங்கையில் மடங்கித் தானாக நெஞ்சுக்கு ஏறிவிடும். மணிக்கட்டு தொங்கும். விரல்கள் தளர்ந்து தரையைப் பார்க்கும். கொய்யாக்காயைத் தின்றுவிட்டு அடுத்த காய்க்கு யோசிக்கிற அணில் எப்படி உட்கார்ந்திருக்குமோ, அச்சு அசல் அதே மாதிரி. ஐம்பத்தாறு வயசில், முறுக்கு மீசையும் தொந்தியுமாக ஒரு ஆள் அப்படி நின்றால் ஊர் சும்மா இருக்குமா? பேர் வைத்துவிட்டது.

ஆனால் எல்லாரும் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். அந்தப் பேர் எப்படியோ அவர் காதில் விழுந்தபோது, கதிரில் ஒரு மணி மிச்சமில்லாமல் கொறித்து எடுப்பதால் தன் மெஷினுக்கு ஜனங்கள் கொடுத்த பட்டம் என்று அவர் எடுத்துக்கொண்டார். பெருமை தாங்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு பெயின்டரைப் பிடித்து, மெஷின் முகப்பில் மஞ்சள் எழுத்தில் 'அணில்' என்று எழுதி, கீழே வால் தூக்கிய அணில் படம் ஒன்றும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஆறு வருஷத்துக்கு முந்திய கதை. அன்றைக்குச் சிரித்த ஊருக்கு இன்னும் வயிற்று வலி முழுசாகத் தீரவில்லை.

கொளஞ்சியம்மாளும் சிரித்தவள்தான். ஆனால் சிரித்து முடித்ததும் கண் தானாக மகள் பக்கம் போகும். அவள் வீட்டிலேயே அப்படி ஒரு கை இருந்தது.

மகள் தமிழ்மொழிக்கு வயது இருபத்தொன்று. பிளஸ் டூ முடித்துவிட்டு நாலு ஆட்டையும் முப்பது கோழியையும் தன் பொறுப்பில் வைத்திருந்தாள். எந்தக் கோழி எங்கே முட்டையிடும் என்பது அவளுக்குத்தான் தெரியும். நடக்கும்போது குதிகால் தரையில் படாது. நின்றால் கை ரெண்டும் நெஞ்சுக்கு வந்து மணிக்கட்டில் தொங்கும். அவளுக்கு ஒன்பது வயசாக இருந்தபோது சின்னசேலத்திலிருந்து வந்த ராதிகா டீச்சர், இது மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே படித்தவர், ஆட்டிசம் என்ற வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். கை ஏறுவது அவளுக்கே தெரியாது, உடம்பு தனக்குத் தோதான இடத்தில் போய் நிற்கிறது, அதோடு சண்டை போடாதீங்கம்மா என்றும் சொன்னார். கொளஞ்சியம்மாள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டாள். தெரியாது என்றால் தெரியப்படுத்துவோம் என்று அன்றைக்கே ஆரம்பித்தாள்.

"கை."

அவ்வளவுதான். ஒற்றைச் சொல். அம்மா சொன்னதும் மகள் கையைக் கீழே போடுவாள். அம்மா திரும்பி அடுப்பில் ஒரு விறகு வைப்பதற்குள் அது பழைய இடத்துக்கு ஏறியிருக்கும். மறுபடியும், "கை." பன்னிரண்டு வருஷமாக இந்த வேலையில் ரெண்டு பேருமே சளைக்கவில்லை.

அதனால்தான் அன்றைக்குக் காலையிலேயே மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்: மெஷின் போகிறவரை களத்துப் பக்கம் வரக்கூடாது. இவள் போய் அந்த மனுஷன் எதிரில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால், பழிப்புக் காட்டுகிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் எல்லாரும் நினைப்பார்கள். ஏன் வரக்கூடாது என்று தமிழ்மொழி கேட்டாள். மெஷின் சத்தம் உனக்கு ஆகாது என்று அம்மா சமாளித்தாள். மிக்சி சத்தம்தான் எனக்கு ஆகாது, அந்தச் சத்தம் பிடிக்கும் என்றாள் மகள். பிடித்தாலும் வராதே என்றாள் அம்மா.

ரெண்டரை மணிக்கு டிராக்டர் மெஷினை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. பகலவனும் கூடவே வந்து இறங்கினார். ஓட்டி வந்த சரத்குமாருக்குச் சிரித்த முகம், எதற்கும் சிரிப்பான். கொளஞ்சியம்மாளின் புருஷன் சின்னதுரை மலையைப் பார்த்துவிட்டு, இருக்கிற படுதா பற்றாது என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு நைனார்பாளையத்துக்குப் பறந்தார். மெஷின் உறுமியது. காத்தானும் செங்கம்மாளும் கதிரை அள்ளிக் கொட்ட, ஒரு பக்கம் மட்டையும் சக்கையும் பறக்க, இன்னொரு பக்கம் வாய் வழியாக மஞ்சள் மணி சரசரவென்று கொட்டத் தொடங்கியது. அந்த மணியைப் பார்த்ததும் கொளஞ்சியம்மாளுக்கு நாலு நாளுக்கு அப்புறம் மூச்சு சீராக வந்தது.

கால்வாசிக் குவியல் கரைந்தபோது சாக்கு தீர்ந்தது. மிச்சச் சாக்குக் கட்டு வீட்டில் இருந்தது. தமிழ்மொழிக்குப் போட்ட தடை செங்கம்மாளுக்கு எப்படித் தெரியும்? அவள் நல்ல மனசோடு வரப்பில் ஏறி நின்று, வீட்டைப் பார்த்து, பாப்பா, சாக்கு எடுத்தா என்று ஒரு குரல் கொடுத்தாள். மலைக்காரிக் குரல், ஒரு தரம் போதும்.

கொளஞ்சியம்மாள் திரும்பிப் பார்த்தபோது தமிழ்மொழி தலையில் சாக்குக் கட்டும் காதைச் சுற்றித் துண்டுமாக, நுனிக்காலில் வந்துகொண்டிருந்தாள். வந்தவள் கட்டை இறக்கிவைத்தாள். மணி கொட்டுவதைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் பகலவனும் மணி கொட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மெஷினுக்கு இந்தப் புறம் ரெண்டு கை, அந்தப் புறம் ரெண்டு கை, நாலும் நெஞ்சுக்கு ஏறி, நாலு மணிக்கட்டும் ஒரே சீராகத் தொங்கின.

டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த சரத்குமாருக்கு ரெண்டு பேரும் ஒரே பார்வையில் தெரிந்தார்கள். அவன் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. காத்தானும் பார்த்துவிட்டு வாயைத் துண்டால் மூடிக்கொண்டான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பகலவன் திரும்பினார். எதிரில் நிற்கும் பெண்ணைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். சரத்குமாரின் கண் போகிற வழியிலேயே போய்த் தன் கையையும் பார்த்தார். நெருப்பு பட்டது போல ரெண்டு கையையும் கீழே உதறினார்.

"வண்டிய நிறுத்துடா."

சத்தம் அடங்கியது. தூரத்தில் இடி உருண்டது.

"யாருமா இந்தப் பொண்ணு?"

"எம் பொண்ணுதாங்கண்ணா."

"ஏம்மா, வேலைக்கு வந்த எடத்துல ஒரு மனுசன நிக்க வெச்சி பழிப்பு காட்டுவீங்களா? நான் இன்னா பண்ணேன் உங்களுக்கு?"

அவர் குரலில் கோபம் கம்மி. அதுதான் கொளஞ்சியம்மாளைக் கலக்கியது. நாலாம் வகுப்பில் ஒரு வாத்தியார் ஸ்கேலால் அவர் மணிக்கட்டில் தட்டித் தட்டிக் கையை இறக்கியதை, பையன்கள் வரிசையாக நின்று அவரைப் போலவே கையைத் தூக்கிக் காட்டியதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பத்து வயசோடு அது போய்விட்டது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். இன்றைக்கு ஒரு சோளக் களத்தில், மீசை நரைத்த பிறகு, அந்தப் பழைய வரிசை திரும்பி வந்து எதிரில் நின்றுவிட்டது.

மெஷினைக் கழற்று, போகலாம் என்றார். சரத்குமார் முகம் செத்துப்போய் இறங்கி வந்தான். முக்கால்வாசிக் குவியல் அப்படியே கிடந்தது. மலையின் அடிவாரம் மறைந்துவிட்டதாகச் செங்கம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னாள். அடிவாரம் மறைந்தால் ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் தாங்காது.

கொளஞ்சியம்மாள் கும்பிட்டாள். சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டது என்றாள். கல்யாண வயசில் சின்னப் பெண்ணா என்றார் அவர். அவள் மகளின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"மன்னிச்சிக்கோங்கன்னு சொல்லு."

"எதுக்கு?" என்றாள் தமிழ்மொழி. "நான் ஒண்ணும் பண்ணல. சாக்கு எடுத்தாந்தேன்."

கொளஞ்சியம்மாள் ஓங்கிய கை பாதியிலேயே நின்றது. மகள் பொய் சொல்லவில்லை. சொல்லவும் தெரியாது. சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் பிள்ளைக்குக் கூச்சம், வெயில், தூக்கம் என்று கதை கட்டியவள் கொளஞ்சியம்மாள்தான். இப்போது கதை கட்டினால் வெள்ளாமை போய்விடும். அது போனால்கூட விதைக்க அடுத்த பட்டம் இருக்கிறது. செய்யாத தப்புக்கு மகளை இத்தனை பேர் எதிரில் அடித்தால் அதற்கு அடுத்த பட்டம் கிடையாது. அவள் நிமிர்ந்தாள்.

"அண்ணா, அது பழிப்பு காட்டல. பொறந்ததுல இருந்து அதுக்கு கை அப்பிடித்தான். ஆட்டிசம்னு டீச்சர் சொன்னாங்க. கை ஏறனதே அதுக்குத் தெரியாது. நம்பலன்னா நீங்களே பாருங்க. நான் சொல்றேன், எறக்கும். கொஞ்சநேரத்துல தானா ஏறும்."

அவர் நம்பவில்லை. ஆனால் போகவும் இல்லை. சரி, பார்க்கிறேன் என்று ரெண்டு கையையும் தொடையோடு ஒட்டி, கொடி ஏற்றும் இடத்தில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றார். கொளஞ்சியம்மாள் "கை" என்றாள். தமிழ்மொழி கையைக் கீழே போட்டாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் மெஷின் வாயில் தொங்கிக்கொண்டிருந்த கடைசி மணியைப் பார்த்தாள், விழுமா விழாதா என்று. பகலவன் கண் கொட்டாமல் அவள் விரல்களைக் கவனித்தார். அசைகிறதா? இல்லை. இப்போது? இல்லை. கொஞ்சம் முன்னால் குனிந்தும் பார்த்தார். இடி ஒன்று உருண்டு அடங்கியது.

தமிழ்மொழி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"உங்க கைதான் மொதல்ல ஏறிச்சி."

பகலவன் குனிந்தார். ஏறித்தான் இருந்தது. ரெண்டும், நெஞ்சுக்கு நேராக, ஒரு குறையும் இல்லாமல். யாருடைய துண்டோ தன் தோளில் கிடப்பதைக் கண்ட மாதிரி அதை அவர் பார்த்தார். தமிழ்மொழியின் கை அப்போதுதான் இடுப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இத்தினி வருசமா இப்பிடியேவாடா நின்னுக்கினு இருக்கேன்?"

சரத்குமார் டயரைப் பார்த்தான். காத்தான் வானத்தைப் பார்த்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

"ஆமா," என்றாள் தமிழ்மொழி. "அதனாலதான் அணில்னு பேரு."

கொளஞ்சியம்மாளுக்கு உயிரே போய்விட்டது. பாதிக் கிணறு தாண்டிய பிறகு தள்ளிவிட்டாளே பாவி என்று நினைத்தாள். பகலவன் மெல்லத் திரும்பி மெஷின் முகப்பைப் பார்த்தார். மஞ்சள் எழுத்து. வால் தூக்கிய அணில். அதன் ரெண்டு கையும் நெஞ்சுக்கு நேராக இருந்தன. பெயின்டர் கவனமாக வரைந்திருந்தான்.

"மெஷினுக்கு வெச்ச பேருன்னு நெனச்சனே பாப்பா."

"மெஷினுக்கு கை இல்லியே."

அவர் வாய் கோணியது. அழப்போகிறார் என்றுதான் கொளஞ்சியம்மாள் நினைத்தாள். முதலில் தொந்தி குலுங்கியது. அப்புறம் தோள். அப்புறம் அந்த மனுஷன் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து, மீசையெல்லாம் கண்ணீராக, மூச்சு முட்டச் சிரித்தார். "நானே... நானே போயி எழுதிக்கினு வந்தேன்டா," என்று சரத்குமாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவிழ்த்துவிட்டார்கள். கொளஞ்சியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். தமிழ்மொழிக்கு மட்டும் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. அவள் சாக்கைப் பிரித்து மெஷின் வாய்க்கு நேராக விரித்துப் பிடித்தாள்.

"இன்னும் நெறைய இருக்குது," என்றாள்.

அது எல்லாருக்கும் உறைத்தது. பகலவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். முதலாளி அன்றைக்கு முதலாளியாக நிற்கவில்லை. கதிரைக் கூடையில் அள்ளி அவரே கொட்டினார். சரத்குமார் மெஷினை முறுக்கிவிட்டான். காத்தானும் செங்கம்மாளும் கை ஓயாமல் அள்ளினார்கள். கொளஞ்சியம்மாள் கோணி ஊசியும் சணலுமாக மூட்டை வாயைத் தைத்துத் தள்ளினாள். தமிழ்மொழி சாக்கு மாற்றிய வேகத்தில் ஒரு பிடி மணிகூடக் கீழே சிந்தவில்லை. கை மடங்கி இருக்கிறதால்தான் சாக்கு வாயை இப்படிப் பிடிக்க வருகிறது என்று காத்தான் மெச்சிக்கொண்டான். சாக்கு பிடிக்கும்போது என் கை வேற மாதிரி இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவள் திருத்தினாள். காத்தான் ஒத்துக்கொண்டான்.

வேலைக்கு நடுவே ஒருமுறை மெஷின் அடைத்துக்கொண்டது. சரத்குமார் மட்டையைப் பிடுங்குகிறவரை எல்லாரும் நின்றார்கள். பகலவனும் தமிழ்மொழியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். நாலு கையும் ஏறின. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மெஷின் ஓடத் தொடங்கியதும் நாலும் இறங்கி வேலைக்குப் போயின.

கடைசி மூட்டையை மோட்டார் கொட்டாய்க்குள் உருட்டியபோது முதல் சொட்டு விழுந்தது. அடுத்த நொடி வானம் அப்படியே இறங்கியது. சின்னதுரை புதுப் படுதாவைத் தலையில் போட்டுக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி வந்து நின்றார். களம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்றார். ஒன்றும் ஆகவில்லை, வந்து துவட்டிக்கொள்ளுங்கள் என்றாள் கொளஞ்சியம்மாள். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மூட்டைகளுக்கு நடுவே ஏழு பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பகலில் யாரும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. கொளஞ்சியம்மாள் சோற்றுக் குண்டானைத் திறந்து, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றி, பொரித்த மோர் மிளகாயைத் தட்டுக்கு ரெண்டாக வைத்தாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. சோளத்தின் பச்சை வாசனையும் குழம்பு வாசனையும் கலந்து அடித்தன. வெளியே என்ன பெய்தாலும் உள்ளே வெள்ளாமை காய்ந்து கிடக்கிறது என்ற நினைப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

பகலவன் பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு இடது கையால் போனை எடுத்தார். மழைச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார். வீட்டுக்காரம்மா எடுத்தார்.

"ஏம்மே, ஒண்ணு கேக்கறேன். நான் சும்மா நிக்கறப்ப கைய நெஞ்சாண்ட தூக்கி வெச்சிக்கினு இருக்கேனா?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏன், வலிக்குதா?"

"இல்லமே. தெரிஞ்சிக்கலாம்னுதான் கேட்டேன்."

"கல்யாணத்தன்னிக்கே பாத்தனே. மணவறையில கூட அப்பிடித்தான் நின்னீங்க. வலி இல்ல இல்ல? அப்ப வுடுங்க. மழை வுட்டப்பறம் கெளம்புங்க."

போன் அணைந்தது. பகலவன் மிளகாயைக் கடித்தார். காரத்தினாலோ என்னவோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொளஞ்சியம்மாள் கையில் கரண்டியோடு அப்படியே இருந்தாள். முப்பது வருஷமாகப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாத அந்தம்மாவுக்கு முதலில் கேட்கத் தோன்றியது இதுதானா? பன்னிரண்டு வருஷத்தில் தனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. மகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். தட்டு மடியில் இருக்க, தமிழ்மொழி மழையைப் பார்த்துக்கொண்டு நெஞ்சருகே கையைத் தொங்கப்போட்டு இருந்தாள்.

"ஏம்மா, கைய அப்பிடி வெச்சிக்கினா உனக்கு வலிக்குதா?"

கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லும் பழக்கம் தமிழ்மொழிக்குக் கிடையாது. யோசித்தாள்.

"மேல இருந்தா வலிக்காது. நீ கீழ போடச் சொல்லுவ இல்ல, அப்பத்தான் வலிக்கும்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்தக் கோழி எங்கே முட்டையிடும் என்று சொல்கிற அதே குரல்தான்.

"இத்தினி நாளா ஏன்டி சொல்லல?"

"நீ கேக்கல."

கொளஞ்சியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். மகளின் மடியிலிருந்து தட்டை எடுத்து மூட்டைமேல் வைத்தாள். ரெண்டு கையையும் தன் மடிக்கு இழுத்து, மணிக்கட்டை மெல்லத் தடவிக்கொடுத்து, நெஞ்சருகே அவை எப்போதும் போய் நிற்கிற இடத்தில் தானே தூக்கி வைத்தாள். வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

தமிழ்மொழி அம்மாவைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"சாப்புடணும்மா," என்றாள். "தட்டக் குடு."